பள்ளி, ஹள்ளி, அள்ளி

மே 11, காலை 7.20

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்: "தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் 'அள்ளி', 'ஹள்ளி' என்று முடிகிறது. இது கன்னடம். நம் பழைய பெயர் 'பள்ளி'. கன்னடர்கள் ஆண்ட காலத்தில் மாற்றிவிட்டார்கள். இப்போதாவது எல்லாவற்றையும் பள்ளி என்று திருத்த வேண்டாமா?"

மே 11, மதியம் 1.05

'ஆமாம்' என்று ஒரு வரி எழுதி அழித்துவிட்டேன்.

என் ஊரும் அள்ளியில் முடிகிற ஊர்தான், மாரண்டஹள்ளிக்கு மேற்கே. ஒன்பதாவது படிக்கும்போது இதே கோபம் எனக்கும் வந்தது. நோட்டு அட்டையில் ஊர்ப் பெயரைப் பள்ளி என்று மாற்றி எழுதினேன், தமிழய்யா தட்டிக்கொடுத்தார். அதே சூட்டில், பெங்களூரில் வேலையிலிருந்த அப்பாவுக்குப் போட்ட கடிதத்திலும் அனுப்புநர் முகவரியில் பள்ளி. அப்பா அதைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்பிய மணியார்டர் வேறு ஏதோ ஒரு பள்ளியைச் சுற்றிவிட்டுப் பத்து நாள் கழித்து வந்தது. பின்கோடு எழுதுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அம்மா என்னை என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாரும் உட்கார்ந்து மாற்றவில்லை. கன்னடத்தில் சொல்லின் தொடக்கத்தில் இருந்த 'ப' ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டில் 'ஹ' ஆகத் தொடங்கி, சில நூற்றாண்டுகளில் பெரும்பாலும் மாறியே போனது. நம் பால் அங்கே ஹாலு. புலி ஹுலி, பாம்பு ஹாவு, பத்து ஹத்து, பூ ஹூவு. பழைய கன்னடத்தில் அவர்களும் பள்ளி என்றுதான் சொன்னார்கள். பிறகு அவர்கள் ஊரெல்லாம் ஹள்ளி ஆனபோது, அவர்கள் பேச்சு புழங்கிய நம் பக்கத்து ஊர்களும் கூடவே ஹள்ளி ஆயின.

இதில் ஒரு வேடிக்கை. 'பெயர்' என்ற சொல்லே இதற்குத் தப்பவில்லை. பழைய கன்னடத்தில் பெசர், இப்போது ஹெசரு.

மே 11, இரவு 9.40

ஓசூரை விட்டுவிட்டேன். கன்னடத்தில் 'ஹொச' என்றால் புதிய. அதன் பழைய வடிவம் பொச. நம் 'புது'வும் அதுவும் ஒரே வேர். ஆக ஹொசூரு என்பது நேராகப் புதூர். நம் மாவட்டத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு புதூரில் விழும், அவ்வளவு புதூர்கள். ஓசூர்க்காரர்கள் "நாங்கள் இண்டஸ்ட்ரியல் டவுன்" என்று காலரைத் தூக்கும்போது, நீங்களும் புதூர்க்காரர்தானே என்று சொல்லிப் பாருங்கள்.

ஒகேனக்கல்லும் அப்படித்தான். ஹொகெ என்றால் புகை, பழைய கன்னடத்தில் பொகெ. கல், இரண்டு பேருக்கும் கல்தான். அருவி விழுந்து கிளம்புகிற நீர்த்திவலையை மேலே நின்று பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பாறை புகைகிறது, புகைக்கல்.

ஆக மூன்று படி. ப இருந்தது, ஹ ஆனது, நாம் அந்த ஹ-வையும் விழுங்கிவிட்டோம். பள்ளி, ஹள்ளி, அள்ளி. பொகெ, ஹொகெ, ஒகே. தமிழ் வாயில் ஹ நிற்காது என்பதால் மூன்றாவது படி நம்முடையது.

(கடைசி வரியைத் திருத்த வேண்டியிருக்கிறது. கீழே 14ஆம் தேதிக் குறிப்பைப் பாருங்கள்.)

மே 12, மாலை 6.15

"இதெல்லாம் மொழி ஆராய்ச்சி, நடைமுறையில் என்ன பிரச்சனை" என்று ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

போன மாதம் தக்காளிக்குச் சொட்டுநீர் போட ஒரு வங்கியில் கடன் கேட்டேன். சிட்டாவில் என் ஊர் 'அள்ளி'. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் 'ஹள்ளி', அதைப் பார்த்து எடுத்த வில்லங்கச் சான்றிலும் 'ஹள்ளி'. வாக்காளர் அட்டையில், கணினியில் அடித்த புண்ணியவானுக்கும் என்னைப் போல ஒன்பதாம் வகுப்புக் கோபம் இருந்திருக்க வேண்டும், 'பள்ளி'. கவுன்ட்டரில் இருந்த பெண் மூன்று காகிதத்தையும் வரிசையாக அடுக்கி, நிதானமாக விரலை வைத்துப் படித்துவிட்டு, "நிலம் ஒரு ஊர்ல, பத்திரம் ஒரு ஊர்ல, நீங்க ஒரு ஊர்ல இருக்கீங்க சார்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஊர் இந்தப் பக்கம் இல்லாத பெண்.

மூன்றும் ஒரே ஊர்தான் என்று வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். இன்னும் வாங்கவில்லை. வி.ஏ.ஓ. லீவு.

மே 13, காலை 8.00

'ஹ'வை நாம் விழுங்கிவிட்டோம் என்றேன். அரூரை மறந்துவிட்டீர்களே என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். நியாயம்தான். தமிழில் அரூர்; ஆங்கிலப் பலகையில் முன்னால் ஒரு எச் போட்டு ஹரூர். மாரண்டஅள்ளியில் எடுத்த எச்சை அரூரில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. கணக்கு சரி.

மே 14, இரவு 10.30

திருத்தம்.

பெங்களூரில் நான் கட்டட வேலை மேற்பார்வை பார்த்த காலத்தில் மண்டியா பக்கத்து மேஸ்திரி ஒருவர் கூட இருந்தார். அவர் வாயில் ஒரு நாளும் ஹ வந்ததில்லை. ஹாலு அவருக்கு ஆலு. ஹோகு (போ) அவருக்கு ஓகு. "நம்ம அள்ளீலி" என்றுதான் தன் ஊரைச் சொல்வார். கன்னடத்தில் அக்கி என்றால் அரிசி, ஹக்கி என்றால் பறவை. இவருக்கு இரண்டுமே அக்கி. "ஜன்னலில் அக்கி வந்து உட்கார்ந்திருக்கிறது" என்று ஒரு நாள் சொன்னபோது, மூட்டை எங்கே என்று நான் தேடினேன். நகரத்துக் கன்னடர்கள் இதை வைத்து அவரைக் கிண்டல் செய்வார்கள்; பழைய மைசூர்ச் சீமையின் கிராமங்களில் பேச்சே அப்படித்தான்.

இத்தனை வருஷம் அவரோடு சாப்பிட்டுவிட்டு, 11ஆம் தேதி ராத்திரி "தமிழ் வாயில் ஹ நிற்காது" என்று பெரிய ஆள் போல எழுதியிருக்கிறேன். அள்ளி என்பது தமிழன் உடைத்த ஹள்ளியாகவும் இருக்கலாம், அந்தக் கிராமத்துக் கன்னடக்காரர்களே சொன்ன அள்ளியாகவும் இருக்கலாம். இரண்டு பேர் வாயும் ஒரே பக்கம் இழுத்திருக்கிறது. அப்படியென்றால் 'அள்ளி' தமிழா கன்னடமா என்ற கேள்விக்கே பிடி இல்லை.

மே 16, பிற்பகல் 3.10

ஊர்ப் பெயரை விட்டு ஆள் பெயருக்கு வருகிறார்கள். நல்லது, எனக்கு அங்கேயும் காயம் உண்டு.

அப்பா பெயர் மாதையன். பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ பேருந்தில் "மாது" என்று கூப்பிட்டால் நாலு தலையாவது திரும்பும். மாதையன், மாதப்பன், மாதேஷ், மாதம்மாள் எல்லாம் மாதேஸ்வரன் மலைச் சாமியின் பெயர். கர்நாடகத்துச் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிற மலை. நம் சனங்கள் அமாவாசைக்கு அமாவாசை போய்வருகிற மலை. மகாதேவன் என்பது தேய்ந்து மாதேவன், மாதேவன் மேலும் தேய்ந்து மாது. வெளியூர் நண்பர்கள் இது மாதவனின் சுருக்கம் என்று நினைப்பார்கள். சிவனைப் பெருமாள் ஆக்கிவிடுவார்கள்.

என் பெயர் பழனி. தமிழில் ல, ள, ழ மூன்று உண்டு. கன்னடத்தில் பழைய காலத்தில் ழ இருந்தது, இப்போது இல்லை. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே எல். பெங்களூர் முகவரிக்கு ஆதாரை மாற்றியபோது, ஆங்கிலத்திலிருந்த பெயரை இயந்திரம் கன்னடத்தில் போட்டது. ழ போய் ல வந்தது. எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது, கவனிக்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து முகவரியை மறுபடி மாற்றியதும் அட்டையில் தமிழ் வந்தது. 'பலனி'. பலன் உண்டு, மலையைக் காணோம்.

எங்கள் பக்கத்தில் வாயால் சொல்லும்போது எல்லாரும் 'பளனி' என்பார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயரில் ழ ஒழுங்காக வருவது நான் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான்.

மே 16, இரவு

இனிஷியல் சமாச்சாரம் கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த கதை. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதினேன். பெங்களூரில் வேலை இடத்து கேட் பாஸில் 'மாதையா' ஆனேன். அப்பாவும் அதே ஊரில் இருபது வருஷம் 'மாதையா'வாக இருந்தவர். மாதையன் என்று ஊரில் விறைப்பாக நின்றவர் அங்கே போனதும் ன் கழன்று ஐயா ஆகிவிட்டார். தீபாவளிக்கு வந்தால் சேலம் பஸ் ஏறும்வரை மாதையா, இறங்கியதும் மாதையன்.

மே 18, காலை 6.50

மறுபடி ஊருக்கு. பள்ளி என்று மாற்றினால் தமிழ் ஆகிவிடும் என்பதுதானே கேள்வி? நேற்று ராத்திரி முழுக்க இதே நினைப்பு.

அப்பாவைப் பெற்ற பாட்டி வேப்பனப்பள்ளிப் பக்கம். வீட்டில் தெலுங்கு. நாங்கள் அவரை அவ்வா என்போம். அவ்வா தன் ஊரைச் சொல்லும்போது கடைசி எழுத்து ள்ளி இல்லை, ல்லி. "பல்லி". எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. "அவ்வா, உங்க ஊர்ல சுவத்துல எல்லாம் பல்லியா?" வெற்றிலை இடிக்கிற உலக்கையை ஓங்குவார், அடிக்க மாட்டார். அவர் தப்பாகச் சொல்கிறார் என்றே நாற்பது வருஷம் நினைத்திருந்தேன். தெலுங்கில் சரியான வடிவமே பல்லிதான், பல்லெ என்றும் உண்டு. தெலுங்கில் ப மாறவில்லை, ள மாறியது. கன்னடத்தில் ள மாறவில்லை, ப மாறியது. ஆளுக்கு ஒரு முனையைக் கடித்திருக்கிறார்கள்.

அந்த ஊரின் பெயரையே பாருங்கள். சட்டமன்றத் தொகுதி வேப்பனஹள்ளி; ஊரில் பலபேர் எழுதுவது வேப்பனப்பள்ளி. ஒன்று கன்னடம், இன்னொன்று தமிழ் என்று முந்தாநாள்வரை சொல்லியிருப்பேன். இப்போது அந்தப் பள்ளி அவ்வாவின் பல்லிக்குத் தமிழ் சட்டை போட்டதோ என்று தோன்றுகிறது. ஓசூருக்குப் பக்கத்தில் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இருக்கிறது. அவர் பிறந்தது 1878. சுற்றிலும் அத்தனை ஹள்ளிகளுக்கு நடுவே அது மட்டும் எப்படிப் பள்ளியாக நிற்கிறது என்று முன்பெல்லாம் பெருமைப்படுவேன். அந்த வட்டாரத்தில் தெலுங்கு எவ்வளவு என்று யோசித்தேனா, இல்லை.

போச்சம்பள்ளிக்கும் இதே கதை. நம் போச்சம்பள்ளியைத் தேடினால் கணினி பட்டுப்புடவையைக் காட்டுகிறது. அது தெலங்கானாவில் இருக்கிற இன்னொரு போச்சம்பள்ளி. 1951இல் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கிய ஊர். தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் தர்மபுரியும் ஒன்று உண்டு, நரசிம்மர் கோயில் ஊர்.

ஆக, கேட்டவருக்கு என் பதில் மாறிவிட்டது. அள்ளியைப் பள்ளி ஆக்கினால் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மீட்டதாக நினைப்பீர்கள். சில இடங்களில் தெலுங்குக்குப் பட்டா எழுதிக் கொடுத்ததாக முடியும். எதிலிருந்து எதற்கு மீட்பது?

மே 18, காலை 9.30

பள்ளி என்றாலே சமணப் பள்ளி, அங்கே மடம் இருந்திருக்கும் என்று ஒருவர். சில இடங்களில் இருந்திருக்கலாம். ஆனால் பள்ளி என்பதற்குச் சிற்றூர், இடையர் குடியிருப்பு என்றும் பொருள் உண்டு. எங்கள் ஊரைப் பார்த்தால் ஆடு முதலில் வந்து ஆள் பின்னால் வந்த மாதிரிதான் இருக்கிறது.

மே 19

மாம்பழம் பற்றி யாரோ ஆரம்பித்துவிட்டார்கள், சீசன் அப்படி. கிருஷ்ணகிரியில் கூழ் தயாரிக்கிற தொழிற்சாலைகளுக்கு டன் கணக்கில் போகிற பழத்தை நாம் பெங்களூரா என்கிறோம். வடக்கே தோத்தாபுரி, தோத்தா என்றால் கிளி. சென்னைக் கடற்கரையில் மிளகாய்த்தூள் தடவி விற்கும்போது கிளிமூக்கு. சித்தூர் பக்கம் கலெக்டர். ஒரே மூக்கு. மண்டியில் நான் 'கிளிமூக்கு' என்று சொன்னால் இவன் விவசாயி இல்லை என்று விலையைக் குறைப்பார்கள். பெங்களூரா என்றே சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பெங்களூரே 2014 நவம்பர் 1 முதல் ஆங்கிலத்திலும் பெங்களூரு. மைசூரு உட்படப் பன்னிரண்டு நகரங்களுக்கு அன்று மாற்றினார்கள். அது அவர்கள் ஊர், அவர்கள் விருப்பம். ஆனால் தமிழ்ச் செய்தித்தாள்கள் ஏன் அந்த 'ரு'வைத் தமிழிலும் ஒட்டிக்கொண்டன என்பது எனக்குப் புரியவில்லை. நாம் எப்போதும் பெங்களூர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். நாளைக்கு ஓசூரு என்று எழுதுவார்களா?

பசியோடு வந்த ராஜாவுக்குக் கிழவி ஒருத்தி அவித்த பயறு கொடுத்ததால் ஊர் பெந்தகாளூரு ஆனது என்கிற கதையைத் தயவுசெய்து யாரும் இங்கே கொண்டுவர வேண்டாம். கிபி 890 வாக்கில் வெட்டிய பேகூர் நடுகல்லிலேயே பெங்களூரு என்று இருக்கிறது. அந்தப் பயறைச் சாப்பிட்டதாகச் சொல்லப்படும் ராஜா அதற்குப் பல நூறு வருஷம் பின்னால் வருகிறார்.

மே 20, இரவு 11.00

வெள்ளைக்காரன் காது பற்றி. 1791இல் கிழக்கிந்தியக் கும்பினிப் படை திப்பு சுல்தானின் கோட்டைகளைப் பிடித்துக்கொண்டு நம் பக்கம் வந்தபோது எழுதிய குறிப்புகளில் பென்னாகரம் 'பெனாக்ரா'. தென்கரைக்கோட்டை 'டிங்ரிகோட்டா'. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், டிங்ரிகோட்டா. ஏதோ குதிரை வண்டி போகிற ஓசை. கிருஷ்ணகிரி 'கிஸ்ட்னகெரி'. அடுத்த வருஷமே பாரமகால், அதாவது நம் பக்கத்துச் சீமை, மொத்தமும் அவர்கள் கைக்குப் போனது. கும்பினி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் வந்து நிலத்தை அளந்தார்கள். அளவு துல்லியம், எழுத்துக்கூட்டல்தான் அப்படி.

அதைச் சரிசெய்கிறேன் என்று நம்மவர்களும் இறங்கிப் பார்த்தாயிற்று. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. கோயம்புத்தூருக்கு எத்தனை எழுத்து என்று ஊரே எண்ணிப் பார்த்துச் சிரித்தது. ஒரு வாரம் போல ஆனதும் திரும்பப் பெற்றார்கள். நம் மாவட்டத்தின் பெயரையே தமிழில் இன்னும் முடிவு செய்தபாடில்லை. அரசு எழுதுவது தருமபுரி, பேருந்தில் பெரும்பாலும் தர்மபுரி.

மே 22, காலை 7.00

இவ்வளவு பேசிவிட்டு ஊரின் பெரிய மனிதரை விட்டுவிட்டால் எப்படி.

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அசோகர் தன் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'ஸதியபுதோ' என்று ஒருவரைச் சொல்கிறார். யார் இந்த ஸதியபுதோ என்று அறிஞர்கள் வெகு காலம் முட்டி மோதினார்கள். 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில், நம் தென்பெண்ணை போகிற வழியில், தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி.' ஒரே வரி. முனிவர்களுக்குக் குகை கொடுத்த செய்தி. இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டி வைத்துவிட்டான், சண்டை தீர்ந்தது.

பிரித்துப் பாருங்கள். புதோ என்றால் புத்திரன், மகன். சேரமகன் சேரமான் ஆனதுபோல அதியமகன் அதியமான். முதலில் ஸ இருந்த இடத்தில் தமிழில் ஒன்றுமில்லை: ஸதிய, அதிய. ஹள்ளி, அள்ளி என்று நாம் மே 11 முதல் மாரடிக்கிற சங்கதியின் தாத்தா.

இப்போது சேலம் சாலையில் அதியமான்கோட்டைக்குப் போங்கள். ஆங்கிலத்தில் பல இடங்களில் 'அதமன்கோட்டை' என்று எழுத்துக்கூட்டியிருப்பார்கள். உத்தமன், மத்திமன், அதமன் என்கிற அதமன். சாகாமல் இருக்க நெல்லிக்கனி கிடைத்தும் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த ஆளுக்கு இந்தப் பெயர்.

ஔவை என்றதும் இன்னொன்று. அது அந்தப் புலவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று சொல்ல முடியாது. தாய், மூதாட்டி என்கிற மரியாதைச் சொல். அவ்வை. நான் வேப்பனப்பள்ளிப் பாட்டியை எப்படிக் கூப்பிட்டேன் என்று 18ஆம் தேதி எழுதியிருக்கிறேன், பாருங்கள். எழுதும்போது எனக்கே உறைக்கவில்லை.

மே 27, மாலை 5.30

வி.ஏ.ஓ. லீவு முடிந்து வந்தார். "மேற்படி அள்ளி, ஹள்ளி, பள்ளி என மூன்று விதமாகக் குறிப்பிடப்பட்டுள்ளது ஒரே கிராமம்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஊதி ஊதி அழுத்தினார். இதற்கென்றே அவரிடம் ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. வருஷத்துக்கு எத்தனை எழுதுவீர்கள் சார் என்றேன். "உங்க ஊருக்கு மட்டுமா?" என்றார்.

ஜூன் 9, காலை 10.15

கடன் வந்து, சொட்டுநீர்க் குழாயும் வந்துவிட்டது. லாரி டிரைவர் ராயக்கோட்டையிலிருந்து போன் செய்தார். மேப்பில் உங்கள் ஊர் பெயரில் நாலு காட்டுகிறது, அள்ளியா ஹள்ளியா என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன், மூடினேன்.

"தக்காளி மண்டி தாண்டி, ரோட்டோரம் பட்டுப்போன புளியமரம் வரும்ணே. அங்க நிக்கறேன்."

வந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார்.